கிளுவைக் குச்சியும் பச்சை சாரும்

போன மாதம் உங்கள் திசு வளர்ப்புக் கூடத்தைச் சுற்றிக் காட்டினீர்கள். செருப்பைக் கழற்றச் சொல்லி, தலைக்குத் தொப்பி மாட்டி, வாயைத் துணியால் கட்டி, அறுவை சிகிச்சைக்குக் கூட்டிப்போவது போல உள்ளே அழைத்துப் போனீர்கள். வாயைக் கட்டியது நல்லதாகப் போயிற்று. உங்களில் ஒருவர் குடுவையொன்றைத் தூக்கிக் காட்டினார். உள்ளே வாழைத் துளிர்கள், திருவிழா ரயிலில் ஜனம் நிற்பது போல நெருக்கியடித்து நின்றன. ஒரே முனையிலிருந்து இவ்வளவு, சார் என்றார். வேர் எங்கே என்று கேட்டேன். அதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் சார் என்று சிரித்தார்.

எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவன் என்று எனக்குப் பெயர். என் கல்யாணத்தில் ஐயர் தும்மியதற்குச் சிரித்து மாமனாரிடம் முதல் முறைப்பை வாங்கியவன். அப்பேர்ப்பட்டவன் முகம் சுருங்கியதும், பெரியவருக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது என்று யாரோ ஓடிப்போய் மிட்டாய் கொண்டுவந்தீர்கள். மிட்டாய்க்கு நன்றி. ஆனால் எனக்கு வந்தது கோபம். உங்கள் மேல் இல்லை. அது மிகப் பழைய கோபம்; நீங்கள் பிறப்பதற்கு முன்பே முளைத்தது. நான் வைத்த செடிகளில் இன்றுவரை வாடாதது அது ஒன்றுதான். அதைச் சொல்லிவிடுகிறேன்.

செடியைத் துளிர்க்கவைக்கும் சைட்டோகைனின்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல எதுவுமில்லை. நீங்கள் ஒரே தடவையில் தேறியவர்கள், நான் அந்தத் தாளை மூன்று தடவை எழுதியவன். எங்கள் காலத்தில் அந்த வகையில் கைனெட்டின் என்ற ஒன்றைத்தான் கேள்விப்பட்டிருந்தோம். செல்லிடம் போய் “இரண்டாகு” என்று சொல்லும் பொருள். செல்லும் மறுபேச்சில்லாமல் இரண்டாகும். ஆனால் அதை மட்டும் தனியாகக் கொடுத்தால் செடிக்கு மேல்நோக்கித்தான் புத்தி போகும். துளிர், துளிர், இன்னும் துளிர். வேருக்கு வேறொரு பொருள் வேண்டும், அதுவும் அளவாக. மேலே தள்ளுகிறதை அள்ளிக் கொட்டினால், கீழே போக நினைத்த வேரும் நின்றுவிடும். இவ்வளவுதான் விஷயம். இந்த இரண்டு வரிகள் தெரிந்திருந்தும் நான் என்ன செய்தேன் என்பதுதான் கதை.

எழுபதுகளின் தொடக்கம். கோலார் தங்க வயல். சிறிய மரம் நடும் திட்டம் ஒன்றில் நான் களப்பணியாளன். பிறந்தது அங்கேயே, மாரிகுப்பத்தில். அப்பா சுரங்கத்தில் இறங்கியவர். பையன் இறங்கக் கூடாது என்று வயிற்றைக் கட்டிப் படிக்கவைத்தார். நான் சயனைடு மேட்டில் ஏறினேன். குடும்பத்தில் ஒருவன் மேலே போனான் என்று அவர் சொல்லிக்கொள்ள அவ்வளவாவது இருந்தது.

அந்த மேட்டைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். பாறையை அரைத்து, சயனைடு ஊற்றித் தங்கத்தை எடுத்துக்கொண்டு, மிச்ச மாவைக் கொட்டிக் கொட்டி எழுந்த மலை அது. புல் முளைக்காது. ஆனி, ஆடியில் காற்று கிளம்பினால் மலையே எழுந்து ஊருக்குள் நடந்து வரும். கீழே வரிசையாக இருக்கும் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் சோற்றிலும் தூள், தொட்டிலிலும் தூள், காதுக்குள்ளும் தூள். பழைய புடவையை நனைத்து வாசலிலும் சன்னலிலும் தொங்கவிடுவார்கள். காய்ந்ததும் மறுபடி நனைப்பார்கள். அந்த இரண்டு மாதமும் எங்கள் ஊர்ப் பெண்கள் உடுத்திய புடவையைவிட வாசலுக்கு உடுத்திய புடவை அதிகம்.

மேட்டை ஒட்டிய முதல் வரிசையில், முதல் வீடு கன்னியம்மாவுடையது. எங்கள் திட்டத்தில் குடம் சுமந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றிய பெண்களுக்கு அவர்தான் தலைவி. யாரும் நியமிக்கவில்லை, குரல் நியமித்தது. நான் அவரை அக்கா என்பேன். அவர் என்னைத் தம்பி என்பார், கோபம் வந்தால் வேறு என்னென்னவோ என்பார். அவர் கணவர் முனுசாமி. வாலிபம் முழுவதும் பூமிக்குள் பாறையைத் துளைத்தவர். அந்தத் தூள் நெஞ்சிலேயே தங்கிவிட்டது. ஒரு வாக்கியத்தை மூன்று தவணையாகத்தான் பேசுவார். காற்று மாதங்களில் படுக்க முடியாது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவார். போன ஆடியில் அவர் பிழைத்ததே புத்தர் புண்ணியம் என்று கன்னியம்மா சொல்லுவார். குடியாத்தத்தில் இருக்கும் தங்கை, அந்த இரண்டு மாதம் மாமாவை இங்கே அனுப்பு என்று வருஷா வருஷம் சொல்லியனுப்புவாள். மச்சினி வீட்டில் உட்கார்ந்து தின்கிற ஆள் நானில்லை என்று அவர் முறுக்கிக்கொள்வார். அந்த வருஷம்தான் ஒருவழியாகச் சம்மதித்திருந்தார்.

எங்கள் திட்டம் எளியது. மேட்டின் அடிவாரத்தில் குழி வெட்டி, பேத்தமங்களா ஏரி வண்டலைக் கொட்டி, அதில் கிளுவைக் குச்சிகளை நெருக்கமாக நட வேண்டும். வறட்சி தாங்கும், ஆடு கடித்தாலும் மறுபடி தழைக்கும், வேலியாக நின்று தூளைப் பிடிக்கும். கிளுவைக்கு ஒரு சுபாவம் உண்டு. கீழே வேலையை முடித்துவிட்டுத்தான் மேலே முகம் காட்டும். அதுவரை பார்க்கிறவர்களுக்கு விறகு. நட்டவனுக்குப் பைத்தியக்காரன் என்று பெயர்.

இந்தச் சுபாவம் எங்கள் மேலதிகாரிக்குப் பிடிக்கவில்லை. அவர் வெளியூர்க்காரர், பெரிய படிப்பு படித்தவர். சட்டை பச்சை, மை பச்சை, சைக்கிள் சீட்டுக்கு உறையும் பச்சை. பெண்கள் பச்சை சார் என்று பெயர் வைத்திருந்தார்கள். கெட்டவர் என்று சொல்ல முடியாது. பெண்களிடம் பிள்ளைகள் பெயர் சொல்லி விசாரிப்பார், பண்டிகைக்கு மிட்டாய் கொடுப்பார். கெட்டவராக இருந்திருந்தால் என் கோபம் அப்போதே தீர்ந்திருக்கும். நல்லவர்கள் செய்கிற காரியத்துக்குத்தான் கோபம் செலவாகாமல் நிற்கிறது.

மழைக்கு முன்னால் பெங்களூரிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் பார்க்க வருவதாக ஏற்பாடு. வண்டல் லாரியும் தண்ணீரும் மேட்டின் மற்றப் பக்கங்களுக்கும் தொடருமா என்பது அவர் வாயில் இருந்தது. அவர் வந்து வரிசையாக விறகைப் பார்த்தால் என்ன நினைப்பார் என்று பச்சை சாருக்குத் தூக்கம் போயிற்று. அப்போதுதான் வெளிநாட்டிலிருந்த மைத்துனர் மூலம் ஒரு சிறிய சீசா வந்து சேர்ந்தது. கைனெட்டின். சீசாவை அவர் கையில் ஏந்தியிருந்த விதத்தைப் பார்த்துக் கோயில் தீர்த்தமோ என்று நினைத்துக் கைநீட்டப் போனேன்.

நடுவதற்கு முன் குச்சிகளை ஊறவைக்க டிரம்மில் தண்ணீர் நிரப்பினார். சீசாவில் இருந்த தூளில் கொஞ்சம் போட்டார். கழியால் கலக்கினார். தூள் கரையவில்லை. இன்னும் கலக்கினார். சுற்றிச் சுற்றி வந்து அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

பிள்ளைகளா, அந்த இடத்தில்தான் உங்கள் பெரியவர் வாயைத் திறந்தார். வெறும் தண்ணீரில் இது கரையாது சார், கொஞ்சம் அமிலம் வேண்டும் என்றேன். மூன்று தடவை எழுதிய தாளில் எனக்கு நினைவிருந்த ஒரே வரி அது. அதைச் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது. சைக்கிளை மிதித்துப் பள்ளிக்கூட ஆய்வகத்தில் கொஞ்சம் அமிலம் வாங்கி வந்தேன். அவர் சீசாவில் மிச்சமிருந்த தூளை எடுத்துக் கொடுத்தார், கரைத்தேன். கண்ணாடி போல ஆயிற்று. என் தோளைத் தட்டினார். வீடு போய்ச் சேரும்போது இரண்டு அங்குலம் வளர்ந்திருந்தேன், மருந்து என் மேலேயே வேலை செய்தது போல.

நான் சும்மா இருந்திருந்தால் தூள் அடியிலேயே கிடந்திருக்கும். குச்சிகள் வெறும் தண்ணீரில் குளித்துவிட்டு நல்லபடியாக வேர் பிடித்திருக்கும். திட்டத்தில் யாருக்கும் தெரியாத ஒரு விஷயம் எனக்குத் தெரிந்திருந்தது. அது போதும், எல்லாவற்றையும் கெடுக்க. தெரிந்ததைச் சொல்வதற்கு முன் எதற்காகச் சொல்கிறோம் என்று ஒரு மூச்சு நில்லுங்கள். எனக்கு முதலில் வாய், பிறகு கை, கடைசியில்தான் மூளை. வேர் என்ற சொல்லே வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் ஞாபகம் வந்தது.

மறுநாள் ஓடிப்போய்ச் சொன்னேன். சார், இது துளிரைத் தள்ளும், வேரை நிறுத்தும். எல்லாம் செல்தானய்யா என்றார் அவர். மேலே பிரிகிற செல் கீழே மட்டும் பிரியாதா? அதற்குள் குச்சிகள் டிரம்முக்குள் போய்விட்டன. ஒரே ஒரு கட்டு மட்டும் வெளியில் இருந்தது. அதைக் கொட்டகைக்குப் பின்னால் ஈர மணலில் செருகி வைத்தேன். ஒப்பிட்டுப் பார்க்க மருந்து தொடாத கட்டு ஒன்று வேண்டும் என்ற விஞ்ஞானப் புத்தியோடு செய்ததாகச் சொல்லத்தான் ஆசை. டிரம்மில் இடமில்லை, அதுதான் உண்மை.

நட்ட கொஞ்ச நாளிலேயே மேடு பச்சையாயிற்று. கணுவுக்குக் கணு துளிர். கிளுவை அப்படித் துளிர்த்து நான் பார்த்ததே இல்லை. ஊரே பார்க்க வந்தது. சுரங்க ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் சைக்கிளை நிறுத்தி நின்றார்கள். பிறந்ததிலிருந்து அந்த மேட்டில் அந்த நிறத்தை எவரும் கண்டதில்லை. கன்னியம்மா ஒரு கொத்தைக் கிள்ளிப்போய் வீட்டில் புத்தர் படத்துக்கு முன்னால் வைத்தார். முனுசாமியைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து, முக்காலி போட்டு உட்காரவைத்துக் காட்டினார்.

நானும் சிரித்துக்கொண்டுதான் நின்றேன். பிறகு கொட்டகைக்குப் பின்னால் போய், அந்த வெறுங்குச்சிகளில் ஒன்றை இழுத்தேன். வரவில்லை. கிளறி எடுத்தேன். இலை ஒன்றுகூட இல்லை. அடியில் நூல் நூலாக வெள்ளை வேர். மேட்டுக்கு வந்து ஒரு பச்சைக் குச்சியை இரண்டு விரலால் பிடித்தேன். வாழைப்பழத்தில் குத்திய ஊதுவத்தி போல வந்துவிட்டது. அடி வழவழவென்று இருந்தது. பக்கத்துக் குச்சி, அதற்கடுத்தது, வேறு வரிசை, கடைக்கோடி வரிசை. எல்லாம் ஊதுவத்தி. குச்சிக்குள் இருந்த சாரத்தை இலைகள் தின்றுகொண்டிருந்தன. தின்று தீர்ந்ததும் கருகும். சரியாகக் காற்று எழும் நேரத்துக்கு.

இரண்டு குச்சிகளையும் பச்சை சார் மேசையில் வைத்தேன். பார்த்தார். புரிந்துகொண்டார் என்பது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்ததிலேயே தெரிந்தது. பிறகு மெதுவாகச் சொன்னார்.

“எந்த அதிகாரிய்யா மண்ணைத் தோண்டி வேர் பாத்திருக்கார்? அவர் வந்துட்டுப் போகட்டும். உத்தரவு கைக்கு வரட்டும். அப்புறம் நீ எதை வேணும்னாலும் நடு.”

அதற்குள் ஆடி வந்துவிடும், முதல் வரிசை வீடுகள் இதை நம்பி உட்கார்ந்திருக்கின்றன என்றேன்.

“அந்தப் பொம்பளைங்க முகத்தைப் பாத்தியா? எவ்வளவு நாளைக்கப்புறம் சிரிக்கிறாங்க. அதை ஏன் கெடுக்கிறே?”

பிள்ளைகளா, இவ்வளவு காலமாக நான் சுமக்கிற கோபம் அந்த ஒரு வாக்கியத்துக்கானது. ஒருவரை ஏமாற்றலாம், உலகத்தில் நடக்காததில்லை. ஏமாற்றிவிட்டு, அவர் சிரிக்கிறார் பார் என்று அந்தச் சிரிப்பையே நமக்கு வாய்ப்பூட்டாகப் போடுவது இருக்கிறதே, அதற்குப் பெயர் இரக்கமாம். இன்றைக்கும் கூட்டங்களில் யாராவது “பயனாளிகள் மகிழ்ச்சி” என்று படம் போட்டுக் காட்டினால் எனக்குக் காது சூடாகிறது. படத்தில் பல் தெரிகிறது. பல்லுக்குக் கீழே என்ன இருக்கிறது?

கோபம் வந்த வேகத்தில் நேரே போய்ச் சொல்லிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். நான் அவ்வளவு சூரன் இல்லை. பெண்களிடம் சொன்னால் அதிகாரி வரும் நாளில் ரகளையாகும். அவர் திட்டத்தையே மூடிவிட்டுப் போகலாம். அப்புறம் வண்டலும் இல்லை, தண்ணீரும் இல்லை, எந்த நாளும் மரம் இல்லை. சொல்லாவிட்டால் முனுசாமி அந்தத் தூளில் உட்கார்ந்திருப்பார். எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே வீடு. சொல்லிவிடலாம் என்று போவேன். கன்னியம்மா டீ கொடுப்பார். வெயிலைப் பற்றிப் பேசுவேன். டீயைக் குடித்துவிட்டுத் திரும்பி வருவேன். அந்த வாரம் முழுவதும் எனக்கு வெயிலைப் பற்றி அபாரமான கருத்துகள் இருந்தன.

அதிகாரி வருவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பு போனபோது, கன்னியம்மா வாசல் புடவையைத் துவைத்துக் காயப்போட்டு, அதைக் கிழித்துப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குத் தொட்டில் கட்டிக்கொண்டிருந்தார். இனிமேல் இது எதற்கு என்றார். குடியாத்தத்துக்கும் ஆள் சொல்லியனுப்பிவிட்டாராம்: இந்த வருஷம் மாமா வர வேண்டியதில்லை, எங்களுக்கு மரம் வந்துவிட்டது.

அக்கா, மரம் வரவில்லை என்றேன். எப்படி வந்தது அந்த வார்த்தை என்று தெரியவில்லை. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன்: சீசா, அமிலம், டிரம். நான்தான் கரைத்தேன் என்பதையும் சொன்னேன். முனுசாமி சுவரோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

கன்னியம்மா கையில் கிழித்த புடவையின் பாதி இருந்தது. “எத்தினி நாளா தெரியும் உனக்கு?”

ஒரு வாரமாக என்றேன்.

“ஒரு வாரமா எங்க வூட்ல டீயக் குடிச்சினு, வெயிலு ஜாஸ்தி, வெயிலு ஜாஸ்தின்னு கத சொல்லினு இருந்தியா? வெயிலு எங்களுக்குத் தெரியாதா? வேரு இல்லேன்றது உனக்குத் தானே தெரியும். அத்தச் சொல்றதுக்கு எத்தினி டீ வேணும் உனக்கு?”

என் வாழ்க்கையில் நகைச்சுவை உதவாத இடங்கள் சில உண்டு; அது ஒன்று. முனுசாமிதான் பேசினார், வழக்கமான தவணைகளில்.

“கீழ… ஷிப்டுக்கு எறங்குன எவனும்… மேல்பாறைய கம்பியால தட்டிப் பாக்காம… அதுக்கடில குந்த மாட்டான். பாக்க நல்லாத்தான் கீது… தட்டுனா தான் தெரியும்… பொக்கையா கெட்டியான்னு.” மூச்சு வாங்கினார். “நீங்க இன்னாடான்னா… இஸ்துப் பாக்காமயே… போட்டோ புடிக்கக் கூப்புட்றீங்க.”

எங்கள் ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த பாடம் அது. என் அப்பாவும் தட்டிக் கேட்டுத்தான் உயிரோடு திரும்பி வந்துகொண்டிருந்தார். படித்த பிறகு எனக்கு அது சுரங்கத்துக்கு மட்டும் உரிய பாடமாகிவிட்டது.

நான் கெஞ்சினேன். அதிகாரி வந்து போகும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள், உத்தரவு வந்ததும் நல்ல குச்சி நடலாம் என்றேன். பச்சை சார் என்னிடம் சொன்னதை அப்படியே அவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பது பாதியில்தான் எனக்கே உறைத்தது. கன்னியம்மா முழுவதும் கேட்டார்.

“நீ சொன்ன வரைக்கும் போதும் தம்பி. நீ ஊட்டுக்குப் போ.”

மறுநாள் காலை முதல் ரயிலிலேயே கன்னியம்மா முனுசாமியை ஏற்றி, பங்காருப்பேட்டையில் வண்டி மாற்றிக் குடியாத்தத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். வழி முழுவதும் அவர் முறுக்கிக்கொண்டே போனாராம்.

அதிகாரி வந்தார். பந்தல் போட்டிருந்தோம். சோடா, புகைப்படக்காரர், பங்காருப்பேட்டையிலிருந்து வரவழைத்த சாமந்திப் பூச்செண்டு. முதலில் படம் எடுத்தார்கள்: முன்னால் அதிகாரி, பின்னால் பச்சை மேடு. பச்சை சார் செல் பிரிவதை இரண்டு கையாலும் விளக்கினார், லட்டைப் பிட்டுப் பிட்டு ஊருக்குக் கொடுப்பது போல. அதிகாரி தலையாட்டினார். இந்த மண்ணில் இதுவா என்று கன்னடத்தில் வியந்தார். பெண்கள் கீழ் வரிசைக் குச்சிகளுக்குப் பின்னால் கைகட்டி நின்றார்கள். உங்களுக்கெல்லாம் சந்தோஷம்தானே என்று அவர்களைக் கேட்டார். எல்லா அதிகாரிகளும் கேட்பதுதான்.

கன்னியம்மா முன்னால் வந்தார். “ஐயாவுக்கு எங்க கையாலயும் ஒரு செண்டு குடுக்கணும்” என்றார்.

அதிகாரி மலர்ந்துபோய்க் கைநீட்டினார். கன்னியம்மா குனிந்து, காலடியில் துளிர்த்து நின்ற குச்சியை இரண்டு விரலால் எடுத்து அவர் கையில் கொடுத்தார். அடுத்த பெண் வந்து இன்னொன்றைக் கொடுத்தாள். அவளுக்கடுத்தவள் இன்னொன்று. யாரும் சத்தம் போடவில்லை. யார் முகத்திலும் ஒன்றும் இல்லை. வந்தார்கள், குனிந்தார்கள், எடுத்தார்கள், கொடுத்தார்கள். அதிகாரிக்கு முதலில் சிரிப்பு, பிறகு சங்கடம். கை நிறைந்து மார்போடு அணைத்துக்கொண்டபோது சிரிப்பு நின்றுவிட்டது. அவர் குச்சிகளின் அடியைப் பார்த்தார். கீழ் வரிசை முழுக்கக் குழிகள் மட்டும் தெரிந்தன.

வேர் எங்கே என்று அவர் பச்சை சாரைக் கேட்டார். பச்சை சார் திரும்பி என்னைக் காட்டினார்.

“இவன்தான் சார் மருந்தைக் கரைச்சான்.”

பொய் சொல்லியிருந்தால் பொறுத்திருப்பேன். சொன்னது சத்தியமான உண்மை. அதற்கு நான் என்ன செய்ய முடியும்? கொட்டகைக்குப் பின்னால் ஓடி, அந்த வெறுங்குச்சிக் கட்டிலிருந்து நாலைந்தைக் கிளறி எடுத்து வந்து அவர் முன்னால் நீட்டினேன். அவசரத்தில் வேரில் ஒட்டியிருந்த மணல் அவர் காலணி மேல் கொட்டியது. இதில் மருந்து படவில்லை, இது உயிரோடு இருக்கிறது, மழை வரை விறகு போலத்தான் தெரியும், ஆனால் நிற்கும் என்றேன். இப்படி எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார். ஒரு கட்டு என்றேன். மற்றதெல்லாம் என்றார். அதுதான் உங்கள் கையில் இருக்கிறது சார் என்றேன். அதை வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அவரும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

வெடிப்பார் என்று எதிர்பார்த்தேன். யாரையாவது திட்டுவார், திட்டத்தை மூடுவார், அல்லது நல்ல குச்சி நடுங்கள் என்று அங்கேயே உத்தரவு போடுவார். அவர் குச்சிச் செண்டுகளைக் கார் முகப்பில் வைத்தார். கைக்குட்டையால் கையைத் துடைத்தார். படம் எடுத்தாயிற்றா என்று புகைப்படக்காரரைக் கேட்டார். மழைக்கப்புறம் பார்க்கலாம் என்றார். கார் கிளம்பியபோது குச்சிகள் ஒவ்வொன்றாக வழுக்கி ரோட்டில் விழுந்துகொண்டே போயின.

மழைக்கப்புறம் யாரும் பார்க்கவில்லை. வண்டல் லாரி அந்தப் பருவத்தோடு நின்றது. பச்சை சார் வேறு பெரிய இடத்துக்குப் போனார். அந்தப் படம் எங்கெங்கோ சுவர்களில் தொங்கியதாகக் கேள்வி. அதில் மேடு பச்சையாகத்தான் இருக்கிறது, பிடுங்குவதற்கு முன்னால் எடுத்ததல்லவா. எனக்கு இடமாற்றமும் வரவில்லை, கண்டனமும் வரவில்லை. ஒரு கேள்விகூட வரவில்லை. அது எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது. தப்புச் செய்தவனைக்கூட ஒரு பொருட்டாக நினைக்காத இடத்தில், செடி பிழைத்தாலென்ன, ஆள் பிழைத்தாலென்ன?

இதைச் சொல்லும்போது இப்போதும் என் குரல் உயர்கிறது என்று வீட்டில் சொல்வார்கள். உயரட்டும். உங்கள் வேலையில் அவசரப்படுத்துகிறவர்கள் எப்போதும் இருப்பார்கள். அவர்கள் கேட்பது மேலே தெரிவதை. கொடுங்கள், சம்பளம் அதற்குத்தான். ஆனால் கீழே ஒன்றுமில்லை என்று உங்களுக்குத் தெரிந்த நாளில், அதை மேலே இருப்பவரிடம் மட்டும் சொல்லிவிட்டுக் கடமை முடிந்தது என்று கைகழுவாதீர்கள். அந்தச் செடியின் நிழலை நம்பி யார் தன் வாசல் புடவையைக் கிழித்துவிட்டாரோ, அவரிடம் போய்ச் சொல்லுங்கள். திட்டுவார். வாங்கிக்கொள்ளுங்கள்.

மிஞ்சிய அந்த ஒரு கட்டுக் குச்சிகளை, அதிகாரி போன பிறகு, காலியான குழிகளில், முதல் வரிசை வீடுகளுக்கு எதிரே பெண்களே நட்டார்கள். லாரிதான் நின்றதே தவிர வண்டல் குழியில் இருந்தது. தண்ணீரை வீட்டுக் குழாயிலிருந்து சுமந்தார்கள். ஆடி பிறந்தது. மேடு வழக்கம் போல எழுந்து ஊருக்குள் நடந்தது. அந்தச் சொற்பக் குச்சிகளால் எதையும் தடுக்க முடியவில்லை; தடுக்கும் என்று யாரும் சொல்லவும் இல்லை. கன்னியம்மாவின் வாசலில் பழைய புடவை இல்லாததால் நல்ல புடவை ஒன்று நனைந்து தொங்கியது, சரிகைக் கரையோடு. அதைப் பார்க்க எனக்குத் தைரியம் போதவில்லை. சில நாள் அந்தப் பக்கம் போகாமல் சுற்று வழியில் போனேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கன்னியம்மா குடியாத்தம் போய்த் திரும்பியிருந்தார். எதிரே அகப்பட்டுக்கொண்டேன். காற்றுக்கு முந்தானையால் வாயையும் மூக்கையும் கட்டியிருந்தார். இலையில்லாத குச்சிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். இடுப்பில் ஒரு குடம், தரையில் ஒரு குடம். மாமா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். என் மேல் இன்னும் கோபமா என்று கேட்கத்தான் போனேன். வாய் வேறு வழியில் போயிற்று.

கன்னியம்மா முந்தானையை இறக்கிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“எங்கடா இருந்தே இத்தினி நாளு? உன்ன நெனச்சாவே பத்தினு வருது எனக்கு.” குடத்தைச் சாய்த்து ஒரு குழியை நிரப்பினார். “அவரு நல்லாத்தான் கீறாரு. படுத்துத் தூங்கறாராம். நான் போனதும், ஏண்டி லேட்டு, ரயில்ல தூங்கிட்டியா, புள்ளைங்க துன்னுச்சா, தண்ணி வந்துச்சான்னு நிறுத்தாம திட்றாரு. நடுவுல மூச்சே வாங்கல தம்பி. அவ்ளோ நீளமா அவரு என்னியத் திட்டி எத்தினி வருசம் ஆச்சு.”

முந்தானையை மறுபடி மூக்குக்கு ஏற்றிக்கொண்டார்.

“இன்னா பாத்துனு நிக்கிற? அந்தக் கொடத்த எடு.”